உலை வைக்கும் நேரம்: தோட்டத்து ஆண்மக்களுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதித் தோட்டங்களில் வாழும் அன்பார்ந்த சகோதரர்களே,

இம்மடலைத் தோட்டத்து மக்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதாமல், ஆண்மக்களாகிய உங்களுக்கென்றே தனிப்பட எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆகாரத்தைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும் பெண்களை நோக்கியே சொல்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. எதைச் சமைப்பது, எதைச் சேர்ப்பது, எதைக் குறைப்பது என்று கிளினிக்கிலும் வானொலியிலும் பத்திரிகையிலும் உபதேசம் பெறுகிறவர்கள் அவர்களே. நான் பேசப் புகுந்த விஷயமோ எப்பொழுது உண்பது என்பதைப் பற்றியது. நம்முடைய லயங்களில் அந்த நேரத்தைத் தீர்மானிக்கும் சக்தி பெரும்பாலும் பெண்களிடம் இல்லை, உங்களிடமே இருக்கிறது.

நமது இல்லங்களில் ஒரு சாதாரண நாள் எவ்வாறு முடிகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மடுவத்தை விட்டு உங்கள் வீட்டுப் பெண் புறப்படும்போது நாலரை மணி கடந்துவிடுகிறது; லொறி பிந்தினாலோ, கிலோக் கணக்கில் வாக்குவாதம் எழுந்தாலோ, ஐந்தும் ஆகிவிடும். வழியிலே பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கவ்வாத்து மலையில் கட்டிவைத்த மிலாற்றுக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு லயத்தை அடைகிறாள். நனைந்த படங்கை அவிழ்த்து இஸ்தோப்புக் கொடியில் போட்டுவிட்டு, காலைக் கழுவி, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, முதலில் எல்லோருக்கும் தேத்தண்ணி வைக்கிறாள். பிறகு குழாயடியில் தண்ணீருக்கு நிற்க வேண்டும். பிள்ளைகளைக் கழுவ வேண்டும். பள்ளிக்கூடச் சட்டையை அலசிப் போட வேண்டும். அரிசி களைந்து உலையில் விழும்போது மணி ஏழு. ஈர மிலாறு புகைந்து புகைந்து எரிய, பருப்பும் கிழங்கும் வெந்து, நெத்தலி பொரிந்து இறங்குவதற்குள் எட்டரை ஆகிவிடும். பிள்ளைகளுக்குப் போட்டு, உங்களுக்குப் போட்டு, நீங்கள் தவறணைப் பக்கம் போய்த் திரும்பும் நாளாயின் அதற்காகவும் காத்திருந்து, சட்டியில் எஞ்சியதை வழித்துக்கொண்டு அவள் உட்காரும்போது ஒன்பதரை. அரைமணி நேரத்துக்குள் பாய். விடியற்காலம் நாலு, நாலரைக்கு மீண்டும் அடுப்படி.

அந்தக் காலையிலோ அவள் வயிற்றில் விழுவது சீனி போட்ட ஒரு கோப்பை சாயத்தண்ணி மாத்திரமே. ரொட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிறாள். பத்து மணிக்கு அதில் பாதி, மத்தியானத்தில் மீதி, அல்லது அவசர அவசரமாக நாலு வாய்ச் சோறு. தேகம் மலையேறி உழைக்கிற பன்னிரண்டு மணி நேரமும் அரைவயிறாக இருந்துவிட்டு, தேகம் ஓய்ந்து படுக்கப் போகிற அரைமணி நேரத்துக்கு முன்னே அன்றைய ஆகாரத்தின் பெரும்பங்கை உட்கொள்ளுகிற இந்த ஏற்பாடு ஒருத்தியுடையது மட்டுமன்று. நீங்களும் பிள்ளைகளும் ஏறக்குறைய இதே முறையில்தான் உண்கிறீர்கள். இந்த முறை நம்மைப் பிணியாளர்களாக்கி வருகிறது என்பதையும், அதை மாற்றுவது இயலுமென்பதையும் உங்கள்முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

உண்ணும் நேரம் ஏன் முக்கியம் என்பதை ஒரு செடியிலிருந்து தொடங்கிச் சொல்லுகிறேன். நமது ரோட்டோரங்களிலும் கான்வரப்புகளிலும் மண்டிக் கிடக்கும் தொட்டாற்சுருங்கிச் செடி மாலையானதும் இலை கூம்பி, காலையானதும் விரிவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறோம். சூரிய வெளிச்சம் பட்டதனால் விரிகிறது, மறைந்ததனால் கூம்புகிறது என்றே எவரும் எண்ணுவர். 1729ஆம் ஆண்டில் டி மெய்ரான் என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞர் அத்தகைய செடியொன்றை வெளிச்சம் புகாத இருட்டில் வைத்துப் பார்த்தபோது, சூரியனையே காணாத அச்செடி, வெளியே பகலாயிருந்த வேளையில் விரிந்தும் இரவாயிருந்த வேளையில் கூம்பியும் தன் நியமத்தைத் தவறாது நடத்திவந்தது. காலத்தை அறியும் கருவி செடிக்கு உள்ளேயே இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதற் சாட்சி அதுவே. நமக்கு இன்னும் அண்மையில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணாக்கர்களும் மதுரைக்கு அருகிலுள்ள சமணர் மலைக் குகையிலே வாழும் வௌவால்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். பகலிரவு தெரியாத குகை இருளிலும் அவை அந்தி நேரத்தைச் சரியாக அறிந்து விழித்தெழுந்தன. அத்துடன், குகைக்குள் அடைத்து வைக்கப்பட்ட ஒரு வௌவால், வெளியே போய்வரும் தன் கூட்டத்தாரின் நடமாட்டத்தைக்கொண்டே தன் காலத்தைச் சீர்செய்துகொள்ளுகிறது என்பதை 1981இல் உலகுக்கு எடுத்துக்காட்டினர். கடிகாரமும் வெளிச்சமும் எட்டாத தனியறையொன்றை அமைத்து மனிதர்களையும் அவர்கள் ஆராய்ந்தனர். அத்தகைய அறைகளில் நாட்கணக்கில் தங்குகிற மனிதனும் ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை உறங்கி விழிக்கவே செய்கிறான்.

வௌவாலின் செய்தியை வேண்டுமென்றே சொன்னேன். ஒரு லயத்திலே பத்துக் காம்பரா என்றால், ஒரு காம்பராவில் தாளிக்கிற மணம் எழும்போதே மற்ற ஒன்பதிலும் பசி எழுகிறது. ஒரு வீட்டில் எட்டரை மணித் தொடருக்குத் தொலைக்காட்சி பாடினால் மற்ற வீடுகளும் அதையே திருப்புகின்றன. நம்முடைய நேரம் தனிமனிதனுடைய நேரமன்று, லயத்தினுடைய நேரம். மாற்றமும் லயமாகவே வந்தால்தான் நிலைக்கும்.

மனிதனுடைய கடிகாரம் மூளையின் அடிப்புறத்தில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடுகிற இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்களாலான ஒரு சிறு முடிச்சாக அமைந்திருக்கிறது. கண்வழியாக வரும் வெளிச்சத்தைக்கொண்டு அது பகலையும் இரவையும் நிதானிக்கிறது. கலங்களுக்குள் இந்தக் கடிகாரத்தை ஓடச் செய்யும் பரம்பரை அலகுகளின் இயக்கத்தை ஈக்களைக்கொண்டு கண்டறிந்த ஹோல், ரொஸ்பாஷ், யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு அளிக்கப்பட்டது. ஆயினும் நமது விஷயத்துக்கு இன்றியமையாத செய்தி அதற்கு அப்பால் இருக்கிறது: கடிகாரம் ஒன்றல்ல. ஈரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, சீனியை ஆளும் இன்சுலினைச் சுரக்கிற சதையிக்கு ஒன்று, தசைக்கும் கொழுப்புக்கும் தனித்தனியே ஒன்று என்று தேகமெங்கும் கடிகாரங்கள் உள்ளன. பழைய தோட்டங்களில் பெரிய கங்காணி ஒருவரும் அவர் கீழே தத்தம் ஆட்களை நடத்தும் சில்லறைக் கங்காணிகள் பலரும் இருந்தார்களே, அந்த ஏற்பாட்டைப் போன்றதுதான் இது. மூளையிலுள்ளது பெரிய கங்காணி, உறுப்புக்களிலுள்ளவை சில்லறைக் கங்காணிகள். பெரிய கங்காணி சூரியனுடைய உத்தரவுக்கு மட்டுமே கட்டுப்படுகிறவர். சில்லறைக் கங்காணிகளோ அவருடைய சொல்லைக் கேட்பதோடு, சோறு வருகிற நேரத்தையும் பார்த்து நடப்பவர்கள். ஜெனீவாவில் 2000ஆம் ஆண்டளவில் நடந்த ஆராய்ச்சியில், இரவில் இரை தேடும் எலிகளுக்குப் பகலில் மாத்திரமே உணவு கொடுத்து வந்தார்கள். சில நாட்களில் அவற்றின் ஈரற்கடிகாரம் தலைகீழாய்த் திரும்பிவிட்டது, மூளைக்கடிகாரம் அசையவில்லை. ஆக, இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு பெரிய தட்டுச் சோறு உள்ளே போகும்போது, 'இது இரவு, வேலையை நிறுத்து' என்று மூளையும், 'சோறு வந்துவிட்டது, ஆகவே இது பகல்' என்று ஈரலும் ஒரே தேகத்துக்குள் இரு வேறு கட்டளைகளை நடத்துகின்றன.

இந்நாட்டு அரசாங்கம் 1996ஆம் ஆண்டு மே மாதத்தில், மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணமாகக் காட்டி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததும், அதே ஆண்டு ஒக்டோபரில் அரைமணி நேரம் பின்னே இழுத்ததும், 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியதும் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். சுவரிலுள்ள கடிகாரத்தை அவ்விதம் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் திருப்பிவிடலாம். ஈரலிலுள்ளதை அறிவித்தலால் திருப்ப முடியாது, உண்ணும் நேரத்தால்தான் திருப்பலாம். பூமத்திய ரேகைக்கு இத்தனை அருகிலே வாழ்கிற நமக்கு ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது விடிகிறது, ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. குளிர்நாட்டாரைப் போல மாரியில் ஒரு பொழுதும் கோடையில் ஒரு பொழுதுமாகத் தடுமாற வேண்டிய தேவை நமக்கில்லை.

இப்பொழுது அனுசேபத்துக்கு வருவோம், அதாவது உண்ட உணவை உடல் பிரித்துச் சக்தியாக்கவும் சேமிக்கவும் செய்கிற தொழிலுக்கு. காலையில் சதையி சுறுசுறுப்பாகச் சுரக்கிறது. தசைகள் இன்சுலினின் சொல்லுக்கு உடனே இணங்கிச் சீனியை வாங்கிக்கொள்ளுகின்றன. பொழுது சாயச் சாய அந்த இணக்கம் குறைகிறது. ஆகவே ஒரே அளவான சோற்றைக் காலையில் உண்டால் ஏறுகிற இரத்தச் சீனியைக் காட்டிலும், இரவில் உண்டால் ஏறுகிற சீனி அதிகமாகவும் நெடுநேரம் இறங்காமலும் நிற்கிறது. இருட்டியபின் மூளையிலிருந்து மெலற்றோனின் என்னும் ஓமோன் சுரந்து நித்திரைக்கு வழிசெய்கிறது. அது இன்சுலின் சுரப்பை அடக்கவும் செய்கிறது. ஸ்பெயின் தேசத்தில் 845 பேரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஒரு பரிசோதனையில், ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் படுக்கைக்கு நான்கு மணி நேரம் முன்னும், மற்றொரு நாள் ஒரு மணி நேரம் முன்னும் ஒரே அளவு சீனிப் பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிந்திக் குடித்த நாளில் அவர்களுடைய இரத்தத்தில் மெலற்றோனின் மூன்றரை மடங்கு உயர்ந்திருந்தது, இன்சுலின் குறைந்தது, சீனி கூடியது. நமது லயங்களில் உண்டபின் அரைமணி நேரத்துக்குள் படுக்கிறோம் என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ள வேண்டும்.

இஸ்ரேலில் உடற்பருமன் கொண்ட பெண்களை இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் நாளொன்றுக்கு 1,400 கலோரி என்ற ஒரே அளவு உணவைப் பன்னிரண்டு வாரங்கள் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதில் பாதியைக் காலையில் உண்டனர். மற்றப் பிரிவினர் அதே பாதியை இரவில் உண்டனர். 2013இல் வெளியான முடிவின்படி, காலையில் உண்டவர்கள் இழந்த எடை மற்றவர்கள் இழந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அவர்களுடைய சீனியும் கொழுப்பும் கூட நன்கு இறங்கின. ஒடிசாவிற் பிறந்து இன்று அமெரிக்காவில் சோல்க் நிலையத்தில் ஆராய்கிற சச்சிதானந்த பாண்டா, கொழுப்பு நிறைந்த இரையை நாள் முழுவதும் கொறித்த எலிகள் கொழுத்து ஈரல் கெட்டதையும், அதே அளவு இரையை எட்டு மணி நேரத்துக்குள் உண்டு முடித்த எலிகள் அக்கேட்டுக்குத் தப்பியதையும் 2012இல் காட்டினார். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மூலிகைகளின் பெயரையே எடுக்காமல், முன் உண்டது செரித்ததை அறிந்தபின் உண்பதையே திரும்பத் திரும்ப வற்புறுத்தியிருப்பதும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அரைகுறைச் செய்தியால் வரும் ஏமாற்றம் நல்ல பழக்கத்தையும் கெடுத்துவிடும். சீனாவின் குவாங்சௌ நகரில் 139 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் குறைத்தவர்களுக்கும், குறைத்ததோடு காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் இடையே மட்டும் உண்டவர்களுக்கும் எடை குறைவதில் குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை. ஆகவே நேரத்தை மாற்றினால் மாத்திரம் தேகம் மெலிந்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்களிக்கமாட்டேன். நமது தோட்டங்களிலே பலருக்கு மெலிவதுமா வேண்டும்? நமக்கு வேண்டியது சீனி ஏறாதிருத்தல், நித்திரை கெடாதிருத்தல், உண்ட உணவு உழைப்புக்குப் பயன்படுதல் ஆகியவையே.

நம்மவர் இதில் ஏனையோரைக் காட்டிலும் அதிகக் கவனமாயிருக்க வேண்டிய காரணமொன்றுண்டு. 2016ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியவர்கள் 17 சதவீதம். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 சதவீதம். தாயின் வயிற்றிலேயே போதாமை தொடங்கிவிடுகிறது. புனே நகர் மருத்துவர் யாஜ்னிக் 2003இல் காட்டியபடி, எடை குறைந்து பிறக்கும் நம்மினத்துக் குழந்தைகள் தசையில் வறியவர்களாயிருந்தும் கொழுப்பில் வறியவர்களாயில்லை. அத்தகைய சரீரம் பின்னாளில் சற்றே அதிகம் உண்டாலும், சற்றே உழைப்புக் குறைந்தாலும், வெகு எளிதில் நீரிழிவுக்கு இடங்கொடுத்துவிடுகிறது. மெலிந்த தேகமுடையவர்களுக்கும் 'சீனி வருத்தம்' வருவதைக் கண்டு நீங்கள் வியந்திருப்பீர்கள்; காரணங்களுள் இது முக்கியமானது. பசியோடு பிறந்த உடம்புக்கு இரவிலே பெருஞ்சோறு இட்டுப் படுக்க வைப்பது இரட்டைத் தீங்கு.

'எங்கள் பாட்டன் பூட்டன்மார் இப்படித்தான் தின்றார்கள், எண்பது வயதிலும் மலையேறினார்கள்' என்று சிலர் சொல்லக்கூடும். மூத்தவர்களிடம் நான் கேட்டறிந்தது வேறு. மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் எண்ணெய் செலவாகுமே என்று பொழுது சாயுமுன்பே அடுப்பு வேலையை முடித்து, ஏழரை எட்டுக்கெல்லாம் விளக்கை அணைத்துப் படுத்தார்கள். விடியுமுன்பே தப்புச் சத்தம் எழுப்பிவிடும் என்ற பயமும் இருந்தது. அவர்களுடைய வறுமையை நான் போற்றவில்லை. மின்சாரம் வந்தது நல்லதே. ஆனால் வந்த வெளிச்சம் உலையை இரண்டு மணி நேரம் பின்னே தள்ளிவிட்டது என்பதையும், இரவில் கண்ணுக்கு நேரே பிடித்திருக்கும் கைத்தொலைபேசி நித்திரையை இன்னும் பின்னே தள்ளுகிறது என்பதையும் மறுக்க முடியாது.

சகோதரர்களே, இனி நேராக உங்கள் பங்குக்கு வருகிறேன். கவ்வாத்து, கான் வெட்டுதல், முள்ளுக் குத்துதல், மருந்தடித்தல் ஆகிய வேலைகளுக்குத் தோட்டத்தில் கணக்கு உண்டு. கணக்கை முடித்தவர் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ பேரைப் பெற்றுக்கொண்டு லயம் திரும்பலாம். கொழுந்தெடுப்பவளுக்கு அந்த விடுதலை இல்லை. மாலை நிறுவை வரை அவள் மலையில்தான். அவளுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பாகவே வீட்டுக்கு வந்துவிடுகிற நீங்கள், மரக்கறித் தோட்டத்தைப் பார்ப்பதும் மாட்டுக்குப் புல்லறுப்பதும் உண்மையே. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த நேரத்துக்குள் ஓர் உலையை வைப்பது அரைமணி நேர வேலைதான். நாலரை மணிக்கு அரிசி உலையிலேறினால் ஐந்தரைக்குச் சோறும் பருப்பும் தயார். அவள் வந்து கை கால் கழுவி ஒரு கறி கூட்டினால் ஆறரைக்கு வீடு முழுதும் ஒன்றாக உண்டு முடித்துவிடலாம். ஒன்பதரை ஆறரையாகிவிடுகிறது. அதன் பின் காலை ஆறரைக்கு ஏதேனும் உண்பதாயின் ஈரலுக்கும் சதையிக்கும் பன்னிரண்டு மணி நேர ஓய்வு. ஒரு சதமும் செலவில்லாத வைத்தியம் இது.

அடுப்படி ஆண்மைக்கு இழுக்கென்று எண்ணுகிறவர்கள் கொழும்புக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே ஹோட்டல்களிலும் கடைகளிலும் இரவு பகலாகச் சோறு வடிப்பவர்களும் ரொட்டி போடுபவர்களும் நமது தோட்டத்துப் பையன்கள்தாம். ஊரானுக்கு வடிக்கிற கை தாய்க்கும் தாரத்துக்கும் வடிப்பதில் இழுக்கு எங்கிருந்து வரும்? நகரத்திலோ மரக்கறித் தோட்டங்களிலோ வேலை செய்து நீங்களே இருட்டித் திரும்புகிறவர்களாயின், வீட்டிலிருக்கிற தகப்பனாரோ பள்ளி விட்டு வந்த மூத்த பையனோ அதைச் செய்யலாம். பெண்பிள்ளையின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள், அவளுக்குப் பாடம் இருக்கிறது. தவறணைக்குப் போகிற பழக்கமுள்ளவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் வரவுக்காக வீட்டின் சோற்றை நிறுத்தி வைக்காதீர்கள். குடி தனியே ஒரு மடல் எழுதத்தக்க விஷயம், இங்கே விரிக்கவில்லை.

இரவுச் சோறு முன்னே வந்தால் காலையில் பசி தானாகவே எழும். நாலரை மணிச் சாயத்தண்ணியோடு நின்றுவிடாமல், பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டியில் பாதியாவது பருப்போடோ அவித்த கௌபியோடோ அவளை உண்ணச் செய்யுங்கள். அதைச் சுடுகிற வேலையிலும் கை கொடுங்கள். மத்தியான உணவே நாளின் பெரிய உணவாக இருக்கட்டும். இன்னொன்றையும் தேயிலையை விளைவிக்கிற நாம் அறிந்திருக்க வேண்டும்: தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவோடு சேர்த்துக் குடித்தால், பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்புச் சத்தைக் கட்டிப்பிடித்து உடம்பிற் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. இறைச்சி அபூர்வமாகவே கிடைக்கிற வீட்டில் இது பெரிய நட்டம். கொழுந்தெடுக்கிற பெண்களின் இரத்தச்சோகைக்கு இதுவும் துணைபோகிறது. உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அத்தடை வெகுவாகக் குறைகிறது. ரொட்டியோடு தண்ணீர், பத்து மணி ஓய்வில் தேத்தண்ணி என்று பிரித்துக்கொண்டால் போதும். தேநீரை விட வேண்டியதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் இரவில் வேலை செய்கிறவர்களுக்குச் சில வார்த்தை. பகலில் எடுத்த கொழுந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட்டப்பட்டே உருளைக்குப் போக வேண்டியிருப்பதால், தோட்டத்தின் இரவு வேலை தவிர்க்க முடியாதது. இரவு வேலை உடற்கடிகாரத்தைக் கலைக்கிறதென்பதனால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 2007இல் அதைப் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடிய காரணங்களின் பட்டியலிற் சேர்த்தது. வேலையை மாற்ற இயலாதவர் சாப்பாட்டு நேரத்தை மாற்றலாம். ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பிராங்க் ஷீர் குழுவினர் 2021இல் வெளியிட்ட பரிசோதனையில், 19 இளைஞர் இரவு வேலை செய்வோரைப் போல இரவில் விழித்திருக்கச் செய்யப்பட்டனர். இரவிலும் உண்டவர்களுக்கு இரத்தச் சீனி 6.4 சதவீதம் ஏறியது, பகலில் மாத்திரம் உண்டவர்களுக்கு ஏறவேயில்லை. ஆகவே ஆறு மணிக்கு நன்றாக உண்டுவிட்டு வேலைக்குப் போங்கள். நடுநிசியில் சோற்றுப் பொட்டலத்தையும் கொத்து ரொட்டியையும் தவிர்த்து, தண்ணீரோ சீனியில்லாச் சாயத்தண்ணியோ குடியுங்கள். பசி தாங்காத கனமான வேலையானால் ஒரு கைப்பிடி கடலை போதும். காலையில் வந்து அளவாக உண்டு, சன்னலைத் துணியால் மூடி இருட்டாக்கிப் படுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் வானொலி அலறாமற் பார்ப்பது மற்றவர் கடமை.

எச்சரிக்கை ஒன்று. நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுகிறவர்களும் மாத்திரை எடுப்பவர்களும் தாமாகவே வேளையை மாற்றினால் இரத்தச் சீனி அபாயகரமாக இறங்கிவிடலாம். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ உங்கள் கிளினிக் எங்கேயிருக்கிறதோ அங்கே வைத்தியரிடம் கேட்டு, மருந்தின் நேரத்தையும் சேர்த்தே மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் பட்டினி கிடக்க வேண்டுமென்று நான் எங்கும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பசித்தபோதெல்லாம் உணவு கொடுக்க வேண்டும். வேலையே பாதியாகிக் கோதுமை மாவுக்கும் கடன் சொல்லுகிற வீடுகளில், எப்பொழுது என்பதற்கு முன்னே எவ்வளவு என்ற கேள்வி நிற்கிறது. அதற்குப் பதில் கூலியிலேதான் உண்டு. மாலை நிறுவையை நாலு மணிக்குள் முடிக்கும்படியும், லொறி பிந்திய நேரத்தைப் பெண்களின் தலையிற் சுமத்தாதபடியும் நிர்வாகத்திடம் கேட்பது தொழிற்சங்கங்களால் ஆகக்கூடிய காரியமே. சம்பளப் பேச்சுவார்த்தையில் இதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.

நிர்வாகம் இசையும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமன்று உங்கள் அடுப்பு. இன்று கணக்கை முடித்துக்கொண்டு நீங்கள் முதலில் வீடு வந்தால், நாலரை மணிக்கு உலையை வையுங்கள். அடுத்த காம்பராக்காரரிடமும் சொல்லுங்கள். அவள் மலையிலிருந்து வந்ததும் முதற் தட்டை அவளுக்குப் போடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் மலையகத்துச் சகோதரன்